ஆம்புலன்ஸ் நம்பருக்கு முன்னால் ஓர் அருவி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மேலகரத்தில் நண்பர் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான்தான். திறந்தால் அருவி கொட்டும், மயில் ஆடும், வீணை ஒலிக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் நம்பர் வரும். ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

இன்று குற்றாலத்தில் இருந்து தென்காசிக்கு பஸ். பக்கத்து சீட்டு அக்கா போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேலகரத்து வீட்டில் அவர் அப்பாவுக்கு நெஞ்சுவலி. 108-ஐவிடப் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி வண்டி சீக்கிரம் வரும் என்று அதன் நம்பரைத் தேடுகிறார்.

"நம்பரக் கேட்டா தண்ணியக் காட்டுதான் அண்ணாச்சி! அதுவும் பாதி அருவில நின்னுட்டு. எந்தக் கூறுகெட்ட பய செஞ்சானோ!"

கூறுகெட்ட பய சட்டென்று தன் போனை எடுத்தான். நண்பரைக் கூப்பிட்டு வண்டி அனுப்பச் சொன்னேன்.

அதற்குள் அக்காவுக்கு வீட்டிலிருந்து போன். கேட்டுவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"இனி வண்டி வேண்டாம் அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்ததும் அருவி, மயில் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். திட்ட நினைப்பவர்கள் கீழே கமெண்டில் தாராளமாகத் திட்டலாம்.

தூக்கும்போதுதான் பார்த்தேன். கடைசியில் வரும் அந்த நம்பர் பழையது; நண்பர் அதைப் போன வருஷமே மாற்றிவிட்டார்.