பெண் பார்க்க வந்தவரும் டேங்க் விளையாட்டும்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மருந்துக் கடை பில்லும், மாத்திரை உறை மேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்கிற வரியும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தெரியாதவள் நான். அப்படிப்பட்டவள் ஊருக்கே படிக்க எழுதுகிறேன் என்றால் அதற்குத் துணிச்சல் காரணமில்லை, படிப்பவர் முகம் எனக்குத் தெரியாது என்பதுதான் காரணம். எழுத்தாளர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். அவர்கள் எழுதுவதை இத்தனை வருடம் நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா?

என்னை எழுத வைத்தது எங்கள் கடைக்கு வரும் இளைஞர்கள். கண் எரிகிறது என்று சொட்டு மருந்து வாங்க வருவார்கள். ஏன் எரிகிறது என்று கேட்க வேண்டியதே இல்லை. வாங்கிய கேம் பெட்டியைப் பற்றிக் கல்லா முன்னாலேயே நின்று பேசுவார்கள், ராணுவத்திலிருந்து லீவில் வந்தவர்கள் மாதிரி. எத்தனை பேரைச் சுட்டோம், எந்த நாட்டைப் பிடித்தோம் என்று பேச்சு போகும். ஒருநாள் அவர்களில் ஒருவன் செல்போனில் காட்டிய படத்தை நானும் எட்டிப் பார்த்துவிட்டேன். "ஆன்ட்டிக்கு இதெல்லாம் புரியாதுடா" என்றான் பக்கத்தில் நின்றவனிடம். மெதுவாகத்தான் சொன்னான். கண்தான் அவனுக்குக் கெட்டுவிட்டது, காது எனக்கு நன்றாகவே கேட்கும். மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நேரில் சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு ஒரு டிவி கேம் வந்தது. மஸ்கட்டில் எலக்ட்ரீசியனாக இருந்த அண்ணன் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது தைலம், சென்ட், டார்ச் லைட்டோடு அதையும் கொண்டுவந்தான். அம்மா 'ஃபாரின் சாமான்' என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். அதே பெட்டி, அதே நிறம், அட்டையில் அதே எழுத்துப் பிழை, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தொங்குவதை நானும் தங்கையும் பார்த்தோம். அம்மாவிடம் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்த ஒன்றை நாங்கள் எதற்கு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும்?

பெட்டியோடு ஒரு கேசட் வந்தது. அதன் மேல் பல லட்சம் விளையாட்டு இருப்பதாக அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருந்தது ஏழெட்டுதான். அதே ஆள், அதே ஓட்டம், சட்டையின் நிறம் மட்டும் மாறும், பெயர் மாறும். எங்கள் வார்டில் தேர்தலுக்கு நிற்பவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி அதன் வாயில் ஊத வேண்டும். ஊதினால் சரியாகிவிடும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, திண்டுக்கல் முழுக்க ஊதினார்கள். என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர், எதையும் காரணம் கேட்காமல் நம்பமாட்டார். அவரும் ஊதினார். ஊதிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்துவார். படம் வந்தால் ஆண்டவருக்கு நன்றி. வராவிட்டால் கேசட்டில் தூசி.

விளையாடினால் டிவியின் பிக்சர் டியூப் போய்விடும் என்று டிவி மெக்கானிக் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் கடையில் பழுதுக்கு வந்த டிவிகளில் அவரே உட்கார்ந்து விளையாடுவது வேறு விஷயம். அதனால் எங்களுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். அதன் பிறகு பெட்டிக்கு மேல் அம்மா பின்னிய வெள்ளைத் துணி விழுந்துவிடும்.

எனக்கு அந்த விளையாட்டு ஏன் பிடித்தது என்றால், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். பேசினாலும் டிவியைப் பார்த்துத்தான் பேச்சு. கோயிலில் பாதிரியாரின் முகம் பார்க்காமல் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு அடுத்தபடியாக, கூச்சக்காரர்களுக்கென்று மனிதர் செய்த நல்ல சாமான் இதுதான் என்பது என் கருத்து.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கேசட்டுக்குப் பதிலாக சிடித் தட்டு போடும் பெட்டிகள் வந்தன. தங்கை வீட்டில் அதையும் விளையாடிப் பார்த்தேன். படம் அழகுதான், மழை பெய்தால் நனைகிற மாதிரியே இருந்தது. ஆனால் விட்ட இடத்தில் மறுபடி தொடங்கலாமாம். செத்தால் செத்ததாகக் கணக்கில்லையாம். அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? எங்கள் பெட்டியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்துதான். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? சாமியார்கள் காட்டுக்குப் போய்த் தேடும் பற்றற்ற நிலை எங்களுக்கு மின்சார வாரியத்தின் தயவில் வீட்டிலேயே கிடைத்தது.

எங்கள் கேசட்டில் இருந்த உருப்படியான விளையாட்டு டேங்க் விளையாட்டு. கீழே நடுவில் நம் கோட்டை, அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலிருந்து எதிரி டேங்குகள் இறங்கி வரும். இரண்டு பேர் ஆடினால் இரண்டு பேரும் ஒரே கட்சி. கோட்டை போனால் இரண்டு பேருக்கும் ஆட்டம் முடிந்தது. நம் குண்டு கூட்டாளி மேல் பட்டால் அவர் டேங்க் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். இந்த விளையாட்டில்தான் என்னைப் பெண் பார்த்தார்கள்.

அந்தத் தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வயது இருபத்தேழு தாண்டியிருந்தது. வந்து பார்த்த இடமெல்லாம் "பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டார் நான் ஊமையா என்று பங்குக் கோயிலில் விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கீழே தங்கை காத்திருந்தாள். தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாக வேண்டும். இந்த வரன் தட்டிப்போனால் இனி யாரும் படியேறமாட்டார்கள் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலம். அவர் டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுப்பவர். அந்த வருடங்களில் கம்ப்யூட்டர் என்ற சொல்லைச் சொன்னாலே வீட்டில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் அவரும் அவர் அம்மாவும் தரகரும் வந்தார்கள். காப்பி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுச் சிமென்ட் தரையின் விரிசல்களை என்னைப் போல அறிந்தவர் யாரும் இல்லை.

"பொண்ணு பேசுமாம்மா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா, என்னிடம் இல்லை, என் அம்மாவிடம்.

பேச்சை மாற்ற வேண்டும் என்று தரகர் டிவி மேல் பெட்டியை மூடியிருந்த துணியைக் காட்டி அது என்ன என்று கேட்டார். அம்மாவுக்கு அது போதும். மஸ்கட், மூத்த மகன், ஃபாரின் எல்லாம் சொல்லிவிட்டு, "தம்பிக்குத் தெரியாததா" என்று துணியை எடுத்தாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம். நாங்க ப்ரோகிராம் எழுதுறவங்க."

"சும்மா ரெண்டு பேரும் செத்த நேரம் வெளையாடட்டும்" என்றார் தரகர். "பேசத்தான் கூச்சம், வெளையாடவுமா?"

தண்ணீர் எடுக்கச் சொல்லி அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "ஏடி, அவரு ஜெயிக்கட்டும். நீ தோத்துரு. ஆம்பளைங்களுக்கு அதான் புடிக்கும்" என்று காதில் சொன்னாள். நான் தோற்றால் அவரும் தோற்றுப்போவார், இருவருக்கும் ஒரே கோட்டை என்பதை அந்த அவசரத்தில் அம்மாவுக்கு எப்படி விளக்குவது? ஒருவரை வெல்லாமல் விளையாட முடியும் என்பதை நம்பக்கூடிய நிலையில் அன்று யாருமே இல்லை.

பெட்டியில் இரண்டு பொத்தான் கட்டைகள் உண்டு, நாங்கள் ரிமோட் என்போம். ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் முதல் ரிமோட்டில்தான் பொத்தான், இரண்டாவதில் கிடையாது. அவர் முதலாவதை எடுத்துக்கொண்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஆண்கள் எல்லோருமே, பாதிரியார் உட்பட, முதலாவதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கியது. டேங்க் இடது பக்கம் திரும்பினால் அவரும் இடது பக்கம் சாய்ந்தார். மேலே போனால் நாற்காலியிலிருந்து எழுந்தார். ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு உடம்பு பூராவும் வேலை போலிருக்கிறது. எதிரிகளை விட அவர் அதிகமாகச் சுட்டது என்னைத்தான். பின்னாலிருந்து குண்டு வரும், என் டேங்க் உறைந்து நிற்கும். "வழியில நிக்காதீங்க" என்பார். நான் ஓரமாகப் போனால் அங்கேயும் வருவார். டேங்க் அடிபட்டால் ஓர் உயிர் போகும், ஆளுக்குச் சில உயிர்தான். கொஞ்ச நேரத்தில் அவருடையதெல்லாம் தீர்ந்துவிட்டது.

இந்த விளையாட்டில் நம் உயிர் தீர்ந்தால் கூட்டாளியின் இருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவர் சம்மதிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் தங்கையும் நானும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எடுப்பதற்கு முன் "ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்க வேண்டும். பெட்டி அப்படிச் சொல்லவில்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்ட நாளில்கூட நாங்கள் அதை மீறியதில்லை. 'கொடுக்கமாட்டேன், சாவு' என்று பதில் வந்த நாட்களும் உண்டு. அது வேறு. கேட்டது கேட்டதுதான்.

அவர் அழுத்தினார். என் கணக்கில் ஒன்று குறைந்தது, அவர் எழுந்து வந்தார். வந்த வேகத்தில் செத்தார். மறுபடி அழுத்தினார். "இப்பப் பாருங்க" என்றார். பார்த்தோம். மறுபடி செத்தார். ஒருமுறையாவது திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன், அம்மா சொன்னபடி தோற்றும் போயிருப்பேன்.

"பாத்தீங்களா, எம் மவன் விடவே மாட்டான். செத்துச் செத்து எந்திரிக்கிறான்" என்றார் அவர் அம்மா.

"ஆண்டவர்கூட எந்திரிக்க மூணு நாள் எடுத்துக்கிட்டாரு" என்றார் அப்பா.

கடைசியில் என்னிடம் நான் ஓட்டிக்கொண்டிருந்த டேங்க் மட்டும்தான் இருந்தது. எதிரிகளும் ஒன்றோ இரண்டோதான். நான் மேலே அவற்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அவர் கீழே நின்று டேங்கைத் திருப்பப் போய் நம் சுவரை நோக்கித் திரும்பிவிட்டார். விரல் மட்டும் பொத்தானிலிருந்து எழவில்லை. செங்கல் ஒவ்வொன்றாகப் போனது. அடுத்த குண்டில் கோட்டை போனது.

"நீங்க குறுக்க வந்துட்டீங்க" என்றார்.

"நான் மேல இருந்தேங்க. கோட்டையச் சுட்டது நீங்க" என்றேன். டிவியைப் பார்த்துத்தான் சொன்னேன். அதனால்தான் சொல்ல முடிந்தது.

அடுப்படித் திரைக்குப் பின்னால் தங்கை சிரித்த சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா என்னை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். "பேசுமான்னு கேட்டேன். நல்லாவே பேசுது" என்றார். ஆனால் அவருக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மகனிடம் ஏதோ குனிந்து பேசிவிட்டு, பெண் பிடித்திருக்கிறது, அடுத்த ஞாயிறே ஓலை வாசிக்கக் கொடுத்துவிடலாம் என்றார். டிவியைச் சீரில் எப்படியும் கொடுப்பீர்கள், இந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் மகன் பழகிக்கொள்வான் என்றும் சொன்னார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் 'பிடித்திருக்கிறது' என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

இனி ஒரு சடங்குதான் பாக்கி. அப்பா பெண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும், பெண் தலையைக் குனிந்து ஆட்ட வேண்டும். அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு என்பது கேட்கிறவருக்கும் தெரியாது, ஆட்டுகிறவளுக்கும் தெரியாது. அப்பா கேட்டார்.

"உனக்குச் சம்மதமாம்மா?"

டிவி அணைந்திருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"வேணாம்ப்பா."

"ஏன்டி?" என்றாள் அம்மா.

"எங்கிட்ட ஒரு வார்த்தகூடக் கேக்காம எடுக்குறாரும்மா."

யாருக்கும் புரியவில்லை. ஒரு பொம்மை டேங்கின் உயிரைச் சொல்கிறேன் என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தபோது அவர் சிரிக்க ஆரம்பித்தார். இது வெறும் விளையாட்டுதானே, இதற்குப் போயா என்றார் அப்பாவிடம். விளையாட்டில்கூடக் கேட்கத் தோன்றாதவர் வேறு எதில் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. அம்புட்டு நீளமாகப் பேச எனக்கு வராது. மறுபடியும் "வேணாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அப்பாவுக்கும் புரிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தரகர் பக்கம் திரும்பி, "பிள்ளை வேணாங்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு வகுப்பில் மணி அடித்தது போல எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, இவ்வளவு வாய் உள்ள பெண் தங்களுக்கு ஒத்துவராது என்று போகும்போது தரகரிடம் சொன்னார். வாய் இல்லை என்று வேண்டாமென்றவர்கள் பட்டியலில் வாய் அதிகம் என்றவரும் சேர்ந்தார். தட்டிலிருந்த கேசரியை மட்டும் அவர்கள் மீதி வைக்கவில்லை. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை, என்னோடும் பேசவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் வந்தது. நானும் தங்கையும் குடங்களில் பிடித்து வைத்தோம். அப்பா பள்ளிக்கூடம் போனார். அம்மா வெஞ்சனத்துக்கு அவரைக்காய் வாங்கி வந்து, நறுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.