திருவிடந்தைத் தோப்பும் எனக்குக் கிடைத்த மருத்துவ சீட்டும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் என்னைவிட நெடுநாளாக அவரை அறிந்தவர்கள். நல்லதாக நாலு வரி எழுது என்றார்கள். நல்லது நிறைய இருக்கிறது. மற்றதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பிறந்தது திருவிடந்தையில். அண்ணன், தங்கை இரண்டே பேர். ஆசிரியைப் பயிற்சி முடித்து, திருமணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தார். எனக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா போய்விட்டார். பள்ளிச் சம்பளத்தில், வாடகை வீட்டில், தனி ஆளாக என்னை வளர்த்தார். வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் தன் முந்தானையால் துடைத்துவிடுவார். கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டார். சமையலறையில் பாத்திரங்கள் பேசும்.

தாத்தா காலமான பிறகு, கடற்கரைச் சாலையோரம் இருந்த சவுக்குத் தோப்பில் அம்மாவுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொன்னது. ஆனால் பங்கு கேட்கிற தங்கைக்கு நம் பக்கத்தில் என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா கேட்கவில்லை. மாமாதான் வந்தார்.

"ஒரு கையெழுத்துதான் பாப்பா. நெலம் எங்க பூடப்போவுது? உன் பொண்ணு இன்னா படிக்கணும்னாலும் நான் கீறேன்."

அம்மா சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை விட்டுக்கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. பிறந்த வீட்டு உறவு நிலைத்தால் போதும் என்று நினைத்தார்.

சில ஆண்டுகள் கழித்து, கலந்தாய்வில் எனக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் மருத்துவ சீட்டு கிடைத்தது. அம்மாவின் சம்பளத்தில் அந்தக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. அப்போதுதான் கல்விக் கடன் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வங்கியில் கடன் உண்டு, பிறகு வாருங்கள் என்றார்கள். இன்னொன்றில் உத்தரவே வரவில்லை என்றார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில் மேலாளர் உட்காரச் சொல்லிப் பேசினார்.

"இவ்ளோ பெரிய தொகைக்குச் சொத்து ஈடு வேணும் டீச்சர். சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க சொத்தா இருந்தாலும் பரவாயில்ல. அடுத்த வாரத்துக்குள்ள பத்திரம் வந்தா நான் அனுப்பிடறேன்."

விஷயம் கேள்விப்பட்ட பள்ளித் தலைமை ஆசிரியை, ஊரப்பாக்கத்தில் இருந்த தன் வீட்டுப் பத்திரத்தைத் தருவதாகச் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். "அண்ணன் இருக்கும்போது வெளியாரை எதுக்குங்க தொந்தரவு பண்ணணும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மாமா வீட்டுக்குப் போனோம். வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். மாமாவே பக்கத்தில் நின்று பரிமாறினார். டாக்டரம்மா என்று என்னைக் கேலி செய்தார். "திங்கக்கெழம பத்திரத்தோட பேங்குக்கே வந்துடறேன் பாப்பா. நீ கவலப்படாத."

திங்கட்கிழமை வங்கியில் காத்திருந்தோம். மாமா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தொலைபேசியை எடுத்தவர்கள் அவர் வீட்டில் இல்லை என்றார்கள். வாரம் முடிகிற நேரத்தில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு தோப்புக்கே போனார். சவுக்கு மரங்களைக் காணோம். சுற்றிலும் மதில் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலையாள் ஒருவர் சொன்னார்: "இது ஓட்டல்காரங்க எடம்மா. வாங்கி ஆறு மாசம் ஆவுது."

விற்ற பணம், மாமா தன் மகனுக்கு வெளிமாநிலத்தில் மருத்துவ சீட்டு வாங்கப் போயிருந்தது. விற்றதுகூடப் பெரிதில்லை, பத்திரம் அவர் பெயரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அன்று மாலையே ஊரப்பாக்கம் போயிருப்போம். சொல்லாமல் எங்களுக்குப் பாயசம் ஊற்றினார். கெடு முடிந்து சீட்டு வேறு யாருக்கோ போனது. நான் பி.எஸ்ஸி. படித்து, பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதன் பிறகும் அம்மா அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் போகிறாய் என்று கேட்டால் பாத்திரம்தான் பதில் சொல்லும். சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்த கடைசி வாரத்தில் அவராகவே பேசினார்.

"வித்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல கண்ணு. எல்லாம் தெரிஞ்சிக்கினே பக்கத்துல நின்னு சோறு போட்டான் பாரு, அது இன்னும் எனக்குச் செரிக்கல. நான் போனா பொறந்த வூட்டுக் கோடின்னு புடவ எடுத்துக்கினு வருவான். என் மேல போட வுடாத."

அதனால்தான் மாமாவை வாசலிலேயே நிறுத்தினேன். தங்கையின் உடலுக்கு அண்ணன் போர்த்த வந்த புடவையைத் திருப்பி அனுப்பியவள் என்று உங்களில் பலர் என்னை ஏசினீர்கள். பெரியவர் ஒருவர், "நெலத்த வித்த கதையெல்லாம் எங்களுக்கு அப்பவே தெரியும்மா. அதுக்கின்னா இப்போ?" என்றார். அவரைச் சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

அம்மாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த பள்ளி ஆசிரியர்களுக்கும், மறுக்கப்பட்டும் மனம் கோணாத தலைமை ஆசிரியை அவர்களுக்கும் என் நன்றி. இறுதிச் சடங்குக்கு வந்திருந்த உறவினர் அனைவருக்கும் நன்றி. தோப்பு கைமாறிய அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிக்காதவர் உங்களில் யாரும் இல்லை. ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை.