இனிப்பு நீர்க் குடும்பம்

அசாம் ஜாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உடம்பு வீங்கி ஒருவர் செத்தால், சாராயம் குடித்தே செத்தான் என்று லயத்து வீட்டு வரிசையே தீர்ப்புச் சொல்லிவிடும். என் அப்பாவும் முகம், கால் எல்லாம் வீங்கித்தான் போனார். ஆனால் அவர் குடித்ததே இல்லை. இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை வியாதி வந்து, கிட்னி கெட்டுப்போய் இறந்தார். அவருடைய அண்ணனும் அப்படியே. இனிப்பு நீர் உள்ள எல்லாருக்கும் கிட்னி போவதில்லை, சில குடும்பங்களில்தான் இப்படித் தொடர்ந்து வரும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் தஞ்சோங் காராங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்பா எதுல தவறுனாரு? தண்ணி போடுவாரோ?"

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு சொட்டு தொட்டதில்லம்மா! இனிப்பு நீரு. எங்க மூத்தாருக்கும் அதேதான். பரம்பரையா வர்றதுன்னு டாக்டரே சொன்னாரு லா!"

அப்பாவின் மானம் தப்பியது, என் கல்யாணம் போனது. குடிகாரன் மகள் என்றால் பெரிய மனது பண்ணிக் கட்டியிருப்பார்கள். குடிக்காத வீடு எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள். சேதி பரவியது. அதன்பிறகு யாரும் வரவில்லை.

வந்தது அப்பாவின் தங்கை, என் அத்தை மட்டும்தான். கோலா குபு பாரு பக்கத்திலிருந்து தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அதே ரத்தம்மா. பொறக்குற பிள்ளைங்க கதி என்னாவறது?" என்றேன்.

"வேற எவன் கட்டுவான் உன்னைய?" என்றார் அம்மா. பரிசம் போட நாள் குறித்துவிட்டார்கள்.

பரிசத்தன்று அத்தை மகன் தண்ணீர்க் குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"எனக்கும் இனிப்பு நீர் இருக்குன்னு போன மாசம்தான் சொன்னாங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது. நீ வேணாம்னு சொல்லிரு."

"நான் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க சொல்லுங்க அத்தான்."

"நான் சொன்னா காரணம் கேப்பாங்க. அது வெளிய தெரிஞ்சா என் தங்கச்சிய எவன் கட்டுவான்?"

அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். எனக்கு இளையவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குச் சிரித்தபடி கலர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் வீட்டோடு இருந்துவிட்டால் அவளையும் யாரும் கேட்டு வரமாட்டார்கள். உள்ளே போய், வாயை மூடிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன்.