கட்டத்தில் இல்லாத காரணம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். காளவாசலில் ஒரு பாத்திரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். உளவுத் தகவல்களை அலசுகிறவர்களுக்காக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நடந்த விஷயத்துக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று திரையின் மேலே போடவேண்டும், பக்கவாட்டில் துப்புகள். எந்தத் துப்பு எந்தக் காரணத்தோடு ஒத்துப்போகிறது என்று ஆளாளுக்குக் குறித்தால், எது நிற்கும் எது விழும் என்று அது காட்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு கேஸ் வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு அண்ணன். வில்லாபுரத்துக்காரர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், டீக்கடையில் எங்களை வாய் ஓயாமல் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக ஆளே மாறிப்போயிருந்தார்.

"மாப்ள, அண்ணே சென்னைக்குக் கிளம்புறாருடா. வேணும்னா இதுல போட்டுப் பாப்போம்" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

வேறு வேலை தேடுகிறார், முதலாளி மேல் கோபம், வீட்டில் தகராறு என்று மூன்று காரணங்கள் போட்டோம். பிறகு துப்புகள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. டீக்கு வருவதில்லை. போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்விடுகிறார். 'சனிக்கிழமை மதியம் சொல்லாமல் போகிறார்' என்பது நான் போட்டது. வேலை தேடுகிறார் என்ற கட்டம் பச்சையாக நின்றது. எங்களுக்கு ஒரே குஷி, மென்பொருள் வேலை செய்கிறதே! ஆராய்ச்சியாம், மண்ணாங்கட்டி.

முதலாளியும் பார்த்தார். அடுத்த வாரமே, அண்ணனுக்கு வரவேண்டிய குழுத் தலைமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் காரணம் கேட்டதற்குத் திரையைக் காட்டினார்.

அண்ணன் நின்றபடியே படித்தார். தன் இடத்துக்குப் போய் எதையோ தட்டினார். எங்கள் எல்லார் திரையிலும் புதிதாக ஒரு துப்பு வந்தது: 'எனக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. சனிக்கிழமை டாக்டரிடம் போகிறேன்.'

அது எங்கள் மூன்று காரணத்தோடும் ஒட்டவில்லை. ஒட்டாத துப்பை மங்கலாக்கி அடியில் தள்ளும்படி எழுதியிருந்தோம். அப்படியே தள்ளியது.

"இம்புட்டு பேரு கூடி ஆராய்ஞ்சீகளே, ஒருத்தனாச்சும் வந்து 'என்னண்ணே ஆச்சு'ன்னு கேட்டுருக்கலாம்லடா" என்றார் அண்ணன். தெருவில் போகிறவனையே நிறுத்தி விசாரிக்கிற ஊர் இது.

கொடுத்தது கொடுத்ததுதான் என்றுவிட்டார் முதலாளி. மாதக் கடைசியில் அண்ணன் வேலையை விட்டார்.

அதன்பிறகு மென்பொருளைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முதலாளி அந்தத் திரையைத்தான் திறந்து காட்டினார். "ஆளு போயிருவாருன்னு முன்னாடியே சொல்லிருச்சு பாருங்க. அதே மாதிரி போயிட்டாரு!" வந்தவர்கள் அசந்துபோனார்கள். பக்கத்தில் நின்று பக்கங்களைத் தள்ளிக் காட்டியவன் நான்.