பத்துக்கு ஆறு

மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்தது. மழை விட்டு, அந்தமானில் எங்கள் பெரார்கஞ்சில் வாசலெல்லாம் பாக்கு காயப்போடத் தொடங்கியிருந்த நேரம். பஜாரில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. குடும்பத்தில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் என் உடம்பில்தான்.

அடிவயிற்றில் ஒரு வலி. அது அங்கேயே கிடந்தாலாவது பரவாயில்லை. இடுப்புக்குப் போகும், நெஞ்சில் எரியும், மெஷின் மிதிக்கும்போது கால் மரத்துப்போகும். பார்க்காத டாக்டர் இல்லை, எடுக்காத ஸ்கேன் இல்லை. கப்பலேறி மெயின்லேண்டுக்கும் போய் வந்தோம். எங்கே போனாலும் ஒரே பதில்தான், நார்மல். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நார்மல் என்றால் நான் ஏன் பாதி ராத்திரியில் சுருண்டு கிடக்கிறேன்?

என் நாத்தனார் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "அண்ணிக்கு வேலைன்னா மட்டும் கரெக்டா வலி வந்துடும்" என்றாள். அதோடு அவள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, நினைத்தபோதெல்லாம் கையில் மாட்டிக்கொள்வேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நார்மல்தான்" என்பார். பாவம், ஆறுதலாகத்தான் சொல்வார். எனக்கு என்னவோ அதில் நாத்தனார் குரல்தான் கேட்கும்.

கடைசியில் போர்ட் பிளேரில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னை மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள் என்று பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன். அந்த டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என் வலி நிஜம் என்றார். அந்த வலியைச் சுற்றி ஒரு பயமும், எந்நேரமும் உடம்பையே கவனித்துக்கொண்டிருக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டு, அதுவும் ஒரு நோயாக வளர்ந்துவிட்டது, உடல் அறிகுறிக் கோளாறு என்று அதற்குப் பெயர் என்றார். பேச்சும் பயிற்சியுமாக அதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறதாம். நம் தீவு ஆட்களுக்கு அது எவ்வளவு பலன் தருகிறது என்று பார்க்க ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு உடனே சிகிச்சை. மீதிப் பேர் வழக்கமான மருந்தோடு சில மாதம் காத்திருந்து, அதன் பிறகுதான் சிகிச்சை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்துவிட்டால், வலி குறைந்தது சிகிச்சையாலா, தானாகவா என்று எப்படித் தெரியும் என்று டாக்டரம்மா விளக்கினார்.

எங்கள் ஊரில் கப்பல் டிக்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை ஜான் பெஹ்சான் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தெரிந்தவர் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வண்டூரில் கரைக்கு வந்த நல்ல சுர்மை மீனாகப் பார்த்து வாங்கி, வாழையிலையில் சுற்றி, டாக்டரம்மா மேஜை மேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். முதல் பிரிவில் பேர் வர ஒரு ஏற்பாடு பண்ணச் சொல்லித்தான். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணா, கம்ப்யூட்டர் மீன் சாப்பிடாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அறை முழுக்க நாற்றம் அடித்ததுதான் மிச்சம். எனக்குக் காத்திருக்கும் பிரிவுதான் விழுந்தது. அன்று ராத்திரி அந்த மீனைக் குழம்பு வைத்தேன், கோபத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன்.

காத்திருக்கும் காலத்தில் அவ்வப்போது போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒரு வங்காளிப் பெண், என் வயதுதான் இருக்கும். இங்கே பெண்களெல்லாம் ஒருவருக்கொருவர் தீதிதான், அக்கா என்கிற மாதிரி. அவரும் எனக்குத் தீதி. பேச்சு ஹிந்தியில்தான், நான் தமிழில் சொல்கிறேன். நான் எந்தப் பிரிவு என்று அவருக்குத் தெரியவே கூடாதாம். தெரிந்தால் கேட்கும் விதமும் பதிவு செய்யும் விதமும் மாறிவிடுமாம். ஆனால் எங்கள் ஊர் எவ்வளவு பெரிய ஊர்? ஒரே பஸ்ஸில்தான் இருவரும் வருவோம். ஒருநாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் கதையை ஆரம்பித்தேன். அவர் துப்பட்டாவால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்துபோய், டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு திமிரா என்று நினைத்துக்கொண்டேன்.

அறையிலும் அப்படித்தான். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. போன வாரம் வலி பத்துக்கு எவ்வளவு என்பார். பத்து என்பேன். பத்து என்று கையிலிருக்கும் டேப்லெட்டில் அழுத்துவார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இவரும் நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த தடவையும் பத்து என்பேன், இன்னும் அழுத்தமாக.

இதற்கிடையில், சென்னையில் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் ஒருவர், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் வலி போய்விடலாம் என்று சொன்னார். போகும் என்று யாரும் சொல்லவில்லை, போகலாம் என்றுதான். எனக்கு அந்த 'லாம்' போதுமாக இருந்தது. வயிற்றைக் கிழித்தாலாவது இவளுக்கு நிஜமாகவே என்னவோ இருக்கிறது என்று நாத்தனார் நம்புவாள் அல்லவா? இப்போது எழுதும்போது எனக்கே பயமாக இருக்கிறது. அன்று அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்காரர் யார் யாரையோ பிடித்துக் கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார்.

டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியிலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷனுக்குப் போவதையும் சொன்னேன். தீதி தடுக்கவில்லை. "விலகுறது உங்க உரிமை தீதி, காரணம்கூடச் சொல்ல வேண்டாம்" என்றார். ஆபரேஷனைப் பற்றி டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவது நல்லது என்றார். பிறகு, சம்மதமென்றால் கடைசியாக ஒரு தடவை கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டுமா என்றார். அதே கேள்வி, பத்துக்கு எவ்வளவு. பத்து என்றேன். அதே முகத்தோடு அழுத்தினார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "ஸ்கேன் பாக்காம, ரத்தம் பாக்காம, நான் சொல்றதை அப்படியே போட்டுக்கிறீங்களே, நான் பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. கொஞ்சம் யோசித்து, "இந்த ஆராய்ச்சியில ஸ்கேன் கிடையாது தீதி. நீங்க சொல்றதுதான் ரிசல்ட். அதைச் சரிபார்க்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நீங்கள் சொல்வதுதான் ரிசல்ட். இத்தனை வருடம் ஒவ்வொரு ரிசல்ட்டும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே ஒருத்தி, வலியைத் தெரிந்துகொள்ள என்னைத் தவிர வேறு வழியில்லை என்கிறாள். தேம்பித் தேம்பி அழுதேன். தீதி ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அழுது முடித்தபோது எனக்கே ஒன்று உறைத்தது. என் அம்மா அப்பா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். அங்கே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் தலைவலி என்றால், போய்க் கொழுந்து பறி என்று கங்காணி கூடையைக் காட்டுவாராம். நடுங்கி விழுந்தால்தான் லீவு. கொஞ்சம் வலி என்று சொல்லும் வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நானும் அப்படியே பழகி, என் வலி நிஜத்தில் எவ்வளவு என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"தீதி, அந்தப் பத்தை மாத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா மாத்தலாம்."

கண்ணை மூடி வயிற்றைக் கவனித்தேன். போன வாரம் முழுவதையும் நினைத்துப் பார்த்தேன். ஆறு என்றேன்.

பத்தை அழுத்திய அதே முகத்தோடு ஆறை அழுத்தினார். அப்படியென்றால் இத்தனை நாள் நடிப்பா என்ற பார்வை இல்லை, குறைந்துவிட்டதே என்ற சந்தோஷமும் இல்லை. எந்த முகத்தைத் திமிர் என்று நினைத்தேனோ, அந்த முகத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வெளியே லாரியில் சாய்ந்து நின்ற வீட்டுக்காரரிடம், "என்னங்க, என் வலி ஆறுதாங்க" என்றேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயமாகத்தான் இருந்தது. அவர், "ஆறுன்னாலும் வலி வலிதானம்மா" என்றார். ஒண்ணும் இல்லம்மா என்று அவர் சொல்லாத முதல் நாள் அதுதான்.

அப்புறம் இருவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். ஆறு வலிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமா என்று, பதற்றமில்லாமல் கேட்டேன். அவர் மகளிர் டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துவிட்டு, எடுக்க ஒரு காரணமும் இல்லை, வலிக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். டிக்கெட்டை கேன்சல் செய்யப் போன இடத்தில் வீட்டுக்காரர் முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது. ஆராய்ச்சியிலிருந்தும் நான் விலகவில்லை.

சில மாதம் கழித்து எனக்கும் சிகிச்சை ஆரம்பித்தது. பிரஷர் மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட வைத்தார்கள், இப்போது அது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இருக்கிறது. வலிக்கிறது என்றால் வீட்டுக்காரர், "சரி, வா, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்கிறார். வலி போய்விட்டதா என்றால், இல்லை. சில நாள் மூன்று, சில நாள் ஐந்து. ஒரு தடவை எட்டு வந்தது, எட்டு என்றே சொன்னேன். ஆனால் கடையை நாள் தவறாமல் திறக்கிறேன். நாத்தனாருக்கு ஜாக்கெட்டும் தைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கிக்கொண்டுதான். ஆராய்ச்சியின் முடிவு இன்னும் வரவில்லை, எந்தப் பிரிவு தேறியது என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் பரீட்சை அன்று காலையில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடிக்கிறாயா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "பத்துக்கு எவ்வளவு?" என்றேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, "நாலும்மா" என்றாள். நாலு என்றே எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என் மடியில் படுத்திருந்துவிட்டு, அவளாகவே எழுந்து பள்ளிக்கூடம் போனாள். என் பெண் பத்து என்று கத்த வேண்டிய நிலை இந்த வீட்டில் வராது என்ற நினைப்பில், அவள் போன பிறகும் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தேன்.