பாட அக்கா பூட்டிய கோப்புறை

அவர் வயரிங் வேலைக்குப் போகிறவர். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பார். படுக்கையறையில் மின்விசிறிச் சத்தம் இல்லாமல் மனைவியின் குரல் மட்டும் கேட்டால், பதிவு நடக்கிறது என்று அர்த்தம். பூனை மாதிரி நடந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

அவள் முன்பு ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். அந்த வேலையை இயந்திரம் பிடுங்கிக்கொண்டபோது, "என் குரல் இன்னும் தேயலையே" என்று சொல்லிவிட்டு, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யக் கிளம்பிவிட்டாள். துணி அலமாரிக்குள் மைக், சுற்றிலும் போர்வைகள். வியர்வை ஊற்றும். படம் வந்தால் அப்படியே தாண்டிப் போகமாட்டாள். இதயத்தின் படத்தை எப்படிச் சொல்வது என்று ஒரு பகல் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் "உங்கள் கையை இறுக மூடுங்கள், ஏறக்குறைய அந்த அளவுதான்" என்று ஆரம்பித்தாள். மாணவர்கள் அவளைப் 'பாட அக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

அவளைப் போலவே வாசிக்கும் இன்னொரு பெண்ணின் கணினியில் ஏதோ வைரஸ் புகுந்து, வருஷக்கணக்கான பதிவுகள் திறக்க முடியாமல் போயின. போனில் அந்தப் பெண் அழுததைக் கேட்ட பாட அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை கணினியின் செட்டிங்ஸுக்குள் நுழைந்தவள் மதியம்தான் தலை நிமிர்ந்தாள்.

"என்னங்க, இதுக்குள்ளயே ஒரு காவல் இருக்குங்க. நாம சொல்ற கோப்புறையில தெரியாத புரோகிராம் எதுவும் கை வைக்க முடியாதாம். இத்தனை நாளா தூங்கிட்டிருந்திருக்கு, எழுப்பி விட்டுட்டேன்."

எழுப்பிய காவல் முதலில் அவளையே பிடித்துக்கொண்டது. அன்று வாசித்த பாடத்தைச் சேமிக்கப் போனால், முடியாது என்றது கணினி. பதிவு செய்யும் புரோகிராமை அனுமதிப் பட்டியலில் சேர்த்தாள். அப்போதும் மசியவில்லை. தொண்டை கட்ட வாசித்த பாடம் வீணானது.

"அந்தச் சனியனை அணைச்சுத் தொலை. இவ்வளவு நாள் அது இல்லாம நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் அவர்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு வீட்ல கரண்டை நிறுத்துற பிரேக்கர் அடிக்கடி விழுதுன்னா, கழட்டி எறிஞ்சுட்டு நேரா கனெக்‌ஷன் குடுத்துட்டு வந்துடுவீங்களா?"

அப்படிச் செய்கிற ஆட்களை அவரே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

எதை எதைத் தடுத்தோம் என்று கணினி வைத்திருந்த விவரங்களை அவள் வரிவரியாகப் படித்தாள். சிக்கியது பதிவு புரோகிராம் இல்லை, பதிவைச் சின்ன கோப்பாகச் சுருக்கித் தரும் அதன் துணைப் புரோகிராம். அதையும் சேர்த்தாள். இரண்டு வரி வாசித்துப் பார்த்தாள், சேமிப்பாகிவிட்டது. வீணான பாடத்தை முகம் சுளிக்காமல் முதலிலிருந்து வாசித்தாள்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, கட்டட மேஸ்திரி ஒருவரின் பெயரில் அவருக்கு மின்னஞ்சல் வந்தது. புது வீட்டு வரைபடம் என்றிருந்தது. கேட்டிருந்த வரைபடம்தானே என்று அவளுடைய கணினியிலேயே திறந்தார். எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக, யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டியதுபோல் மாறத் தொடங்கின. திரை ஓரத்தில் 'தடுக்கப்பட்டது' என்று மளமளவென்று அறிவிப்புகள்.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன். நான் என்னமோ பண்ணிட்டேன்."

ஓடிவந்தவள் முதலில் நெட் வயரைப் பிடுங்கினாள். பிறகு கணினியை அணைத்தாள். திட்டவில்லை.

மறுநாள் கணினியில் இருந்த சோதனை வசதியாலேயே முழுக்க அலசினாள். வைரஸ் அகப்பட்டது. அதை ஒழித்துவிட்டு, பதிவுகள் இருந்த கோப்புறையைத் திறந்து முதல் பாடத்தை ஓடவிட்டாள். அவள் குரல் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கும் சேதமில்லை. அவர் வரைந்து வைத்திருந்த வயரிங் படங்கள் மட்டும் போனது போனதுதான். அதே கணினியின் வேறொரு டிரைவில் இருந்த அவற்றைக் காவலில் சேர்க்கச் சொல்லி அவள் கேட்டபோதெல்லாம், "என் படத்தை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்" என்று தட்டிக்கழித்தது அவர்தான்.

"உன்னுது போயிருந்தா நான் உன் மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்?" என்றார்.

"போகலைல்ல, விடுங்க. அந்த மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. அவர் பேர்ல வேற யாருக்கெல்லாம் போயிருக்கோ."

அவர் போன் செய்தார். மேஸ்திரி, தான் எதையும் அனுப்பவில்லை என்று பதறி, தெரிந்தவர்களையெல்லாம் எச்சரித்தார். அவர்களில் ஒருவர் திறக்கும் தறுவாயில் இருந்தாராம்.

இரண்டு பேரும் உட்கார்ந்து அவருடைய படங்களை மறுபடி வரைய ஆரம்பித்தார்கள். அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அவள் மவுஸைப் பிடித்தாள். நடுவில் அவளுக்கு ஒரு போன் வந்தது.

"அக்கா, அடுத்த பாடம் எப்ப வரும்?" என்றாள் ஒரு மாணவி.

"நாளைக்கு வந்துடும்மா. இன்னைக்கு வீட்ல கொஞ்சம் வேலை."

அவர் எழுந்துபோய் அலமாரிக்குள் சரிந்து கிடந்த போர்வையை இழுத்துச் சரியாக மாட்டினார்.