நான்கு ஒயர் ரெகுலேட்டர்

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையின் முன்னால், என் மாமனார் ஒரு மோட்டார் சைக்கிள் ரெகுலேட்டரை மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியத் துண்டு. முதுகில் சூடு தணிவதற்கான வரிவரியான மடிப்புகள், அடியில் நான்கு ஒயர்கள். அதைக் கட்டைவிரலால் தடவினார். ஒயர்களை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருவினார். "இது இன்னா கலர் மாப்ள?" என்று என்னிடம் கேட்டார். பச்சை என்றேன். மறுபடி முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பவரைப் போல வெகுநேரம் நின்றார். கடைக்காரர் பொறுமையிழந்து என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாணாம் மாப்ள, இது கெட்டி சரக்கில்ல" என்று படியிறங்கினார். அதற்கு முன் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் அவர் சொன்ன அதே பதில்.

அப்போது நான் எர்ணாவூரில் அவர் வீட்டில்தான் இருந்தேன். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வந்திறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்து உள்ளே அனுப்பும் வேலை பார்த்தவன். யார்டை மூடிவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கட்டிலும் பீரோவுமாக மனைவியின் பிறந்த வீட்டில் போய் இறங்கினோம். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு முறைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். மாமியார் குழம்பில் நடுத்துண்டு மீனாகத் தேடி எடுத்து என் தட்டில் வைப்பார், நான் தலை தூக்காமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். என் மனைவிக்குத் திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால், ஏதோ அவசரம் போல நான் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாமனார் மணலியில் டேங்கர் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கையிலேயே முதுகு வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். அந்த நாளில் வாங்கிய மோட்டார் சைக்கிளைத்தான் இன்னும் வைத்திருந்தார். பகலில் மார்க்கெட்டுக்கும் ரேஷன் கடைக்கும் மெதுவாக ஓட்டிப்போய் வருவார். இரவில் எடுப்பதில்லை. காரணம், ரெகுலேட்டர் கெட்டுப்போயிருந்தது. இன்ஜினில் இருக்கும் காயில், வண்டி வேகமெடுக்க எடுக்க அதிகமாக மின்சாரத்தைத் தள்ளும். அதை அளவாக்கி விளக்குக்கும் பேட்டரிக்கும் அனுப்புவதுதான் ரெகுலேட்டரின் வேலை. அது செத்துவிட்டதால், ஆக்சிலேட்டரை முறுக்கினால் பல்பு பளீரென்று எரிந்து கருகிப்போகும். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

முன்பெல்லாம் பொழுது சாய்ந்து வேலை முடிந்து வரும் மகளை அவர்தான் பஸ் ஸ்டாப்பிலிருந்து அழைத்து வருவாராம். விளக்கு கெட்ட பிறகு அவள் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரமாக, புழுதியும் இருட்டுமாக நடந்துதான் வந்தாள். நான் சில நாள் எதிரே நடந்துபோய்க் கூட்டி வருவேன். "நான் பல்பு மாத்தி ஓட்றேன் மாமா, சாவியக் குடுங்க" என்று ஒருமுறை கேட்டேன். "அது என் கைக்குத்தான் பழக்கம் மாப்ள" என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் வீட்டில் தின்று அவர் மகள் சம்பளத்தில் டீ குடிப்பவனிடம் வண்டியை எப்படிக் கொடுப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலையில்லாதவனுக்குப் பொழுது நிறைய. ரெகுலேட்டர் பற்றி செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒரு கடையில் புது வண்டிக்கு வரும் ஐந்து ஒயர் ரகத்தைக் காட்டி, "இத்த போடுப்பா, சும்மா பகலாட்டம் அடிக்கும்" என்றார்கள். ஆனால் எங்கள் வண்டியில் காயிலின் ஒரு முனை இன்ஜினோடு எர்த் ஆகியிருந்தது. அந்தப் புது ரகத்துக்கு இரண்டு முனையும் தனித்தனியாக வேண்டும். காயிலைக் கழற்றி மாற்றாமல் போட்டால் பிரயோஜனமில்லை. இன்னொரு கடையில் மலிவானது ஒன்று இருந்தது. பிளக் அப்படியே பொருந்தியது, ஆனால் கையில் வைத்தால் காற்றாக இருந்தது. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய ஒரிஜினலும் கிடைத்தது, அது இன்னும் எத்தனை நாள் உழைக்குமென்று யாராலும் சொல்ல முடியவில்லை. இதையெல்லாம் ஒவ்வொரு கடையிலும் மாமனாருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்பார், தடவிப் பார்ப்பார், வேண்டாம் என்பார். பிளக் சரியில்லை, சூடு தாங்காது, டூப்ளிகேட்டு. ஒவ்வொரு மறுப்பையும் என் மேல் துப்பியதாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நான் தனியாகப் போய், நல்ல கம்பெனித் தயாரிப்பில், எங்கள் வண்டிக்கென்றே வரும் நான்கு ஒயர் ரெகுலேட்டரை வாங்கி வந்தேன். அவர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த சட்டையிலிருந்து சாவியை எடுத்தேன். இரண்டு போல்ட்டு, ஒரு பிளக். சேசிஸில் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்கினேன், புது பல்பும் போட்டேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் வாங்கிய மீட்டரைப் பேட்டரியில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினேன். முள் பதினான்கு வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டி அப்படியே நின்றது. விளக்கு சுவரில் வட்டமாக விழுந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் கையால் ஒரு காரியம் சரியாக முடிந்திருந்தது.

அவர் எழுந்து வந்து சுவரைப் பார்த்தார். மாமியாருக்குத்தான் பூரிப்பு. "இன்னாயா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? அதான் லைட்டு எரியுதே. பாப்பா பஸ்ஸ உட்டு எறங்கற நேரமாச்சு, போயி இட்டுகினு வா" என்றார். "நான் போறேன் மாமா" என்றேன், வாய் வார்த்தைக்கு. அவர் என்னைப் பார்க்காமலே சாவிக்குக் கை நீட்டினார். பொழுது சாய்ந்து, வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அவர் வண்டியை எடுத்துப் போவதை வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகப் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள். அவர் நேராக அந்த வரிசைக்குள் விட்டார். பிளாஸ்டிக் குடங்கள் படபடவென்று சிதறுவதும், யாரோ அலறுவதும் கேட்டது. நான் ஓடினேன். இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் மயிரிழையில் விலகியிருந்தாள். வண்டி பக்கவாட்டில் கிடந்தது. விளக்கு கொஞ்சமும் மங்காமல், அவர் முழங்காலையும் உருண்டுகொண்டிருந்த குடங்களையும் காட்டிக்கொண்டிருந்தது.

"யோவ் பெர்சு, கண்ணு இன்னா பொடனிலயா கீது? கொயந்தைய கொல்லப் பாத்தியே! குட்சிட்டு வண்டி ஓட்றியா?" என்று அந்தப் பெண் கத்தினாள்.

அவர் தரையில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "ஆமாம்மா, கொஞ்சம் ஏத்திகினேன். தப்புதாம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டேங்கர் ஓட்டிய காலத்திலும் அவர் குடித்தவரில்லை. குனிந்து தோளைப் பிடித்துத் தூக்கியபோது அவரிடம் சாயங்காலம் குடித்த இஞ்சி டீயின் வாசனைதான் வந்தது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னார்: "வூட்லயும் எதுவும் சொல்லாத மாப்ள. குடின்னே இருக்கட்டும்." அதுவரை என்னிடம் அவர் ஒருமையில் பேசியதில்லை.

வீட்டில் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தனியே நடந்து வந்து சேர்ந்த என் மனைவி, அப்பாவின் முழங்காலில் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அவர் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். தெருவிலும் விஷயம் பரவிவிட்டது. மறுநாள் காலையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் பக்கம் என்னை அழைத்துப் போனார். ஒரு கல்லில் உட்கார்ந்து, அவராகவே பேசினார்.

"நைட்ல எதிர்ல வர்ற லாரியோட லைட்டு மட்டுந்தான் தெரியும் மாப்ள. லாரி தெரியாது. பின்னால எண்ணெ லோடு, ரோட்ல எத்தினி உசுரு. முதுவு வலின்னு எயுதிக் குட்துட்டு வந்துட்டேன். டிரைவருக்குக் கண்ணு பூட்ச்சுன்னு நாலு பேரு சொல்லக்கூடாது பாரு. பகல்ல பழகின ரோடு, குத்துமதிப்பா ஓட்டிகினு இருந்தேன். ரெகுலேட்டரு கெட்டது எனக்கு நல்லதாப் பூட்ச்சு. லைட்டு இல்ல, எப்டி ஓட்றதுன்னு சொல்லிகினேன். சாவிய உன்னாண்ட குடுத்தா, நீ ஏன் ஓட்டலன்னு என்னக் கேப்பாங்க."

நான் கடைகடையாக அவரை இழுத்துப் போனதும், அவர் ஒவ்வொன்றையும் முகத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் மறுத்தது என்னை அல்ல. அந்த வீட்டில் தன்னை மறைத்துக்கொள்ள இடம் தேடியவன் நான் ஒருவன் மட்டும் என்று நினைத்திருந்தேன். அவருக்கிருந்த ஒரே மறைவை நானே போல்ட்டு முடுக்கி, மீட்டர் வைத்துச் சரிபார்த்து, பிடுங்கியிருக்கிறேன்.

அவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதிக்க வைக்கச் சில நாட்கள் பிடித்தன. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், போகும்போது நான் ஓட்டி நிறுத்திய பின் திரும்ப வாங்கி வைத்திருந்த சாவியை மாமனார் என் கையில் வைத்துவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் திருவொற்றியூரில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே அவரோடு டேங்கர் ஓட்டிய பழைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். "இன்னா தோஸ்து, நீ போயி பின்னால குந்திகினு வர்ற?" என்று சிரித்தார்.

"கண்ணு பூட்ச்சுப்பா" என்றார் மாமனார். மெதுவாக அல்ல. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "ரொம்ப நாளாவே தெர்ல. யார்கிட்டயும் சொல்லல. முதுவு வலின்னு சொன்னதெல்லாம் பொய்யி."

சிநேகிதர் மாமனாரின் தோளில் கை வைத்தார். பிறகு பேச்சை மாற்றுவதற்காக என் பக்கம் திரும்பினார். "மாப்ள எங்க வேல செய்றாரு?"

"யார்டுலதான்" என்றேன். "இப்ப லீவு."

என் குரல் வந்த பக்கம் மாமனார் முகத்தைத் திருப்பினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மிச்ச டீயைக் குடித்துவிட்டு, கையால் மேசையைத் தடவிக் கிளாஸை வைத்தார். பிறகு ஒவ்வொரு அடியாக நடந்துபோய், வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். என் கிளாஸ் காலியான பிறகும் அதையே பார்த்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.